மூடினால் மேசை, திறந்தால் தையல் மிஷின்

கெடா மாநிலத்தில், மூடா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள ஊர் கோத்தா கோலா மூடா. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. அலையில் சேதமடைந்த படகுகளைக் கொண்டே இங்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். கரையோர மக்களின் பிழைப்பே படகுதான் என்பதால் அது பொருத்தமான சின்னம்.

கடற்கரையை விட்டு உள்ளே போனால் சுங்கைப்பட்டாணி, பீடோங் என்று ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் வரிசையாக இருந்த பகுதி. அங்கே வாழ்ந்த தமிழர்களின் தொழிற்கருவி என்று கேட்டால் யாரும் பால் வெட்டும் கத்தியையும், மங்கையும், வாளியையும்தான் சொல்வார்கள். சரித்திரத்திலும் அவைதான் இடம் பிடித்திருக்கின்றன. இன்னொரு கருவியும் லயத்து வீடுகளில் இருந்தது. பகலில் பெரும்பகுதி நேரம் அது மூடியே கிடந்ததால், பார்த்தவர்கள் அதை மேசை என்றே நினைத்தார்கள். வாசலில் நின்று பார்க்கிற துரைக்கும் கிராணிக்கும் அதன் மேலே பூப்போட்ட துணியும், சாமி படமும், ஒரு செம்புத் தண்ணீரும்தான் தெரியும். துணியை எடுத்து, பலகையைப் புரட்டினால் உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு தையல் மிஷின்.

வேலைக் கருவியை மேசைக்குள் ஒளித்து வைக்கும் யோசனை புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ரோண்ட்ஜன் குடும்பத்துத் தச்சர்கள், ஒரு சாவியைத் திருப்பினால் இழுப்பறைகள் தாமாக வெளிவருகிற எழுதுமேசைகளை அரசர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். 1874இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து வூட்டன் என்பவர், இரண்டு கதவுகளாக மூடிக்கொள்ளும் ஒரு பெரிய அலுவலக மேசைக்குக் காப்புரிமை பெற்றார். மூடிப் பூட்டிவிட்டால் அலுவலகமே அதற்குள் அடங்கிவிடும். டைப்ரைட்டர் பரவிய பிறகு, அதை மேசைக்குள்ளேயே இறக்கி மறைக்கும் மேசைகளும் வந்தன. 1945இல் வானேவர் புஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஒருவருடைய புத்தகங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் மைக்ரோபிலிமில் உள்ளே வைத்துக்கொண்டு, மேற்பரப்பில் உள்ள திரையில் காட்டும் ஒரு மேசையைக் கற்பனை செய்து எழுதினார். இன்றைய கணினிக்கும் இணையத்துக்கும் அதை ஒரு முன்னோடி என்பார்கள். அந்த மேசை கடைசிவரை செய்யப்படவே இல்லை.

இவையெல்லாம் அரசருக்கும், முதலாளிக்கும், விஞ்ஞானிக்கும் உரிய மேசைகள். உள்ளே கருவி ஒளிந்த மேசைகளில் ஏழை வீடுவரை வந்து சேர்ந்தது தையல் மிஷின் மேசை ஒன்றுதான் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

அதன் கதை ஒரு மரப்பெட்டியில் தொடங்குகிறது. ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தம் தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். தையல் மிஷினை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். பிரான்சில் திமோனியே 1830இலேயே ஒன்றைச் செய்தார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் திரண்டு வந்து அவருடைய மிஷின்களை உடைத்தார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் பழுதுபார்க்க வந்திருந்த வேறொருவரின் மிஷினைப் பார்த்து, அதைச் சீர்படுத்தியதுதான் சிங்கரின் வேலை. அவருடைய ஆரம்பகால மிஷின்கள் கனமானவை. அவற்றை அடைத்து அனுப்பிய மரப்பெட்டியே வாங்கியவர் வீட்டில் மிஷினைத் தூக்கி வைக்கும் மேசையாகவும் ஆனது. மேசையும் மிஷினும் ஒன்றாகச் சேர்ந்தது அப்படித்தான்.

காந்தியடிகள் இந்த மிஷினைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தி தமிழர்களுக்கு நெருக்கமானது. 1924இல், பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், இயந்திரங்கள் எல்லாமே உங்களுக்கு வேண்டாதவையா என்று அவரிடம் கேட்டார். சிங்கர் தையல் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்து அல்லல்படுவதைக் காணப் பொறாத கணவனின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். அப்படியானால் அதைச் செய்யும் தொழிற்சாலைக்கும் இடம் கொடுக்க வேண்டுமே என்று ராமச்சந்திரன் விடவில்லை. ஆமாம், ஆனால் அது அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றார் காந்தி. அழகான உரையாடல்தான். சிங்கரின் குடும்ப வாழ்க்கை மட்டும் காந்தி நினைத்தது போல இல்லை. அவர் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் நடத்தியவர். பிள்ளைகள் இருபதுக்கும் மேல்.

மிஷினை உலகமெங்கும் கொண்டு சேர்த்தது சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டு வந்த தவணை முறை. முதலில் ஒரு சிறு தொகை, பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டுக்காரர்கள் வாங்கத் தொடங்கியதும் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. நடுத்தர வர்க்கத்துப் பெண்மணிகள் தங்கள் வரவேற்பறையில் பட்டறைச் சாமான் ஒன்று கிடப்பதை விரும்பவில்லை. அதனால் மிஷினை அலமாரி போலவும் பெட்டி போலவும் மூடி மறைக்கும் மரவேலைப்பாடுகள் வந்தன. 1890களில் தலை உள்ளே இறங்கும் மேசை பரவலானது. விருந்தாளி வந்தால் மிஷின் மறைந்துவிடும். அந்த வீட்டில் யாரோ உட்கார்ந்து தைக்கிறார்கள் என்பதும் அதோடு மறைந்துவிடும்.

அந்த மேசையின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். மேசையின் நடுவில் மிஷின் அளவுக்கு ஒரு திறப்பு. மிஷினின் அடித்தட்டு, பின்பக்கம் இரண்டு கீல்களில் மாட்டியிருக்கும். மறைக்க வேண்டுமானால் முதலில் சக்கரத்திலிருந்து தோல்வாரைக் கழற்ற வேண்டும். முன்பக்கத்துச் சிறு பலகையை விலக்கி, மிஷினின் கழுத்தை ஒரு கையால் பிடித்தபடி மெல்ல உள்ளே இறக்க வேண்டும். அடித்தட்டு செங்குத்தாக நிற்க, மிஷின் மேசையின் வயிற்றுக்குள் தொங்கும். இடப்பக்கம் விரிந்து கிடக்கும் பலகையைப் புரட்டி மேலே மூடினால் திறப்பு இருந்த சுவடே தெரியாது. வார்ப்பிரும்புக் கால்கள், கீழே அகலமான மிதி, பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ இழுப்பறைகள். கழுத்தைச் சரியாகப் பிடிக்காமல் விட்டால் அந்த எடை விரலை நசுக்கிவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்கு மேசை மேல் ஏறலாம், மிஷினைத் தொடக்கூடாது என்ற சட்டம் இருந்ததற்குக் காரணம் இதுதான். பிள்ளைகள் அந்தச் சட்டத்தைப் பாதிதான் கடைப்பிடித்தார்கள். வார் கழன்ற மிதி சும்மா ஆடும், சக்கரம் சும்மா சுழலும். அதில் உட்கார்ந்து பஸ் ஓட்டாத தோட்டத்துப் பிள்ளை குறைவு.

மலாயாவுக்கு வந்த சிங்கர் மிஷின்களில் பல ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் செய்யப்பட்டவை. 1885இல் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையிலிருந்து 1913ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்கள் வெளியேறின. 1911இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. குறைந்த ஆட்களை வைத்து அதே வேலையை வாங்க நிர்வாகம் முயன்றதை எதிர்த்து, முதலில் சில பெண் தொழிலாளர்கள் வெளியேற, சுமார் 11,000 பேர் பின்னால் வந்தார்கள். தோற்றுப்போன போராட்டம். 1980இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். மிஷினின் அடித்தட்டில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்து அது எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று இன்றும் கண்டுபிடிக்கலாம். பாட்டி வீட்டு மிஷின் பாட்டியைவிட மூத்ததாக இருக்கக்கூடும்.

கெடா 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷாரின் மேற்பார்வைக்கு மாறியது. அதைத் தொடர்ந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்த மண்ணைக் கடாரம் என்று சோழர்கள் அறிந்திருந்த காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த முக்கியமான சரக்கு துணி. இப்போது வந்தவர்களிடம் ஒரு தகரப்பெட்டியும் மாற்றுத் துணியும்தான் இருந்தன. மூன்றாண்டு, ஐந்தாண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பப் போகிறவருக்கு நாற்காலி மேசை எதற்கு? லயத்து அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பெட்டியின் மேல் விளக்கை வைத்தார்கள்.

1938 ஜூன் மாதம் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் கூலித் தொழிலாளர் பயணத்துக்குத் தடை போட்டது. கூலிக் குறைப்புதான் உடனடிக் காரணம். 1930ஆம் ஆண்டின் மந்தநிலைக்கு முன்னர் தரநிலைக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தத்தில் அது வெட்டப்பட்டது, பிறகு ஏறியது, 1938இல் மறுபடி 45 காசுக்கும் 35 காசுக்கும் இறங்கியது. தடைக்குப் பின் புதியவர்கள் வருவது நின்று, இங்கே இருந்தவர்கள் மெல்ல மெல்ல இந்த நாட்டுக்காரர்கள் ஆனார்கள். குடும்பம் நிலைத்தது. அதற்கப்புறம்தான் லயத்து வீட்டுக்குள் சாமான் வரத் தொடங்கியது. பல வீடுகளில் கால் உள்ள முதல் சாமான் தையல் மிஷின்தான்.

மேலே சொன்ன கூலிக் கணக்கை மறுபடியும் பார்க்கலாம். அதே வெயில், அதே வேலை நேரம், பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டும் வழி தோட்டத்துக்குள் வேறு எதுவும் இல்லை. காலை இருட்டில் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிடும். சமைத்து, துவைத்து முடித்த பிறகுதான் மிஷின் மேலே வரும். ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை, பால் வெட்டப் போகும்போது கொசுவுக்குப் பயந்து மேலே போட்டுக்கொள்ளும் நீளக்கைச் சட்டை. பழைய சிலுவாரைப் பிரித்துச் சின்னப் பையனுக்குக் கால்சட்டை. தீபாவளிக்கு முந்திய மாதம் ஜவுளி மூட்டை வியாபாரி வந்து போனால் ஒரே பீஸ் துணியில் அரை லயத்துக்குச் சட்டை. இரவு மண்ணெண்ணெய் விளக்கில் மிதிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தோட்டங்களுக்கு மின்சாரம் வந்தபோதும், பல இடங்களில் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடுவதோடு சரி. மின்மோட்டார் மிஷின்கள் வந்த பிறகும் கால்மிதி மிஷின் தோட்டத்தை விட்டுப் போகாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தைத்த கூலி எங்கே எழுதப்பட்டது? தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் என்ற பேரேடு இருந்தது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், யாருக்கு அரைப்பேர், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் அதில் இருக்கும். தையல் கூலி அதில் ஏறாது, ஏறவும் முடியாது. அது பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கமாகவோ, வெறும் ஞாபகமாகவோ இருந்தது. சில சமயம் காசாக வரும், சில சமயம் அரிசியாக, முட்டையாக. தோட்டத் தொழிலாளர் கூலியைப் பற்றி எத்தனையோ விசாரணைக் குழுக்கள் அறிக்கை எழுதியிருக்கின்றன. வீட்டுக்குள் மேசையாக நின்றதைத் திறந்து பார்க்க அறிக்கை எழுதியவர்களுக்கு என்ன தேவை இருந்தது? குடும்ப வருமானம் என்று சரித்திரத்தில் படிக்கும் எண்களில் இந்த வருமானம் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1943இல் கெடாவை சயாமிடம் ஒப்படைத்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டு போகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. துணிப் பஞ்சம் கடுமையாக இருந்தது. சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். நூலுக்கு அன்னாசி நார்வரை போனார்கள். ஆண் இல்லாத வீட்டில், ஒட்டுப்போட்டுத் தைக்கத் தெரிந்த கையும் ஒரு மிஷினும் இருந்ததன் மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இயக்கம் பலருக்கு நினைவிருக்கும். ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி என்பவர் தலைமையில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் நடந்த அந்த இயக்கத்தின் முக்கியமான குறி கள்ளுக்கடை. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல் வரை போய், இயக்கம் அடக்கப்பட்டது. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். சம்பள நாளன்று தோட்டத்துக் காசுக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று கள்ளுக்கடை, மற்றொன்று தவணை. இரண்டில் எது முதலில் வாங்கிக்கொள்ளும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

தவணையை உயர்த்திப் பேசிவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வாடகைக் கொள்முதல் என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர். கடைசித் தவணை கட்டும்வரை சாமான் விற்றவருக்கே சொந்தம். வாங்கியவர் வாடகைக்கு வைத்திருப்பவர்தான். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று, இரண்டு மூன்று தவணை தவறினால், அதுவரை கட்டியதும் போய் மிஷினும் போகலாம். இதை ஒழுங்குபடுத்தும் வாடகைக் கொள்முதல் சட்டம் மலேசியாவில் 1967இல்தான் வந்தது. அந்தப் பயத்தினாலேயே பலர் தவணைக்குப் போகாமல், லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பிடித்து, ஏலம் விழுந்த மாதத்தில் மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கினார்கள். பிற்பாடு சீனாவிலிருந்து பட்டர்பிளை மார்க் மிஷின்களும் வந்தன. மேசை அதே மாதிரிதான். தங்கநிறப் பூவேலைக்குப் பதில் வண்ணத்துப்பூச்சி.

அமெரிக்க வரவேற்பறையில் இந்த மேசையை மூடியது மிஷினை மறைப்பதற்கு. லயத்தில் மூடியதற்குக் காரணம் வேறு. அங்கே வேறு மேசை இல்லை. தலையை உள்ளே இறக்கிவிட்டால் இரண்டடிக்கும் மேல் நீளமான, வழுவழுப்பான பலகை கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு அதுதான் எழுதுமேசை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், ஆசிரியராகவும் தாதியாகவும் குமாஸ்தாவாகவும் வந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டுப்பாடம் எழுதியது இதன் மேல்தான். அதிலும் ஒரு முறை வைத்தாக வேண்டும். அம்மா தைக்கும் நேரத்தில் பிள்ளை எழுத முடியாது. பிள்ளை எழுதும் நேரத்தில் அம்மா தைக்க முடியாது. பரீட்சை மாதமும் தீபாவளி மாதமும் அடுத்தடுத்து வந்தால் யாருக்கு மேசை என்ற வழக்கு தினமும் நடக்கும். சில வீடுகளில் பிள்ளை எழுதி முடித்துத் தூங்கிய பிறகு மிஷின் மேலே வரும். மிதிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள் அவை.

இழுப்பறைகளுக்கும் ஒரு கதை உண்டு. அவை ஊசி, பாபின், எண்ணெய்க் குப்பி, பொத்தான் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பூட்டும் வசதியுள்ள சாமான் வேறு இல்லாத வீட்டில் அங்கேதான் பிறப்புப் பத்திரமும் போனது. 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்குப் பத்திரம் தேவைப்பட்டது. இங்கேயே பிறந்திருந்தாலும் தாள் இல்லாவிட்டால் நிரூபிப்பது கடினம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆனபோது பல்லாயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். செல்லரிக்காமல், ஒழுகும் கூரைக்குத் தப்பி, நூற்கண்டுக்கு அடியில் பத்திரமாக இருந்த ஒரு தாள், ஒரு குடும்பம் இங்கே தங்குமா போகுமா என்பதைத் தீர்மானித்த காலம் அது.

1970களுக்குப் பிறகு தோட்டத்துப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத் தொழிற்சாலை பஸ்கள் வந்தன. பினாங்கிலும், பிறையிலும், பின்னர் சுங்கைப்பட்டாணியிலும் மின்னணுத் தொழிற்சாலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் எழுந்தன. வீட்டு மிஷினில் அம்மாவிடம் தைக்கப் பழகிய பெண் ஆடைத் தொழிற்சாலையில் எளிதாகச் சேர்ந்தாள். அங்கே இருந்ததும் மிஷின் பதித்த மேசைதான். ஆனால் அது மூடுகிற மேசை இல்லை. ஒருவருடைய நேரம் முடிந்தால் அடுத்தவர் வந்து உட்காருவார். அந்த வேலைக்கு அட்டை உண்டு, சம்பளச் சீட்டு உண்டு, சேமநிதி உண்டு. தாயின் தையலுக்கு இவற்றில் ஒன்றும் கிடைத்ததில்லை. ஆனால் ஆயத்த ஆடை மலிவாகக் கடைக்கு வந்ததும் அந்தத் தொழிற்சாலைகளால்தான். லயத்துத் தையலுக்கு அதோடு கிராக்கி குறைந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகின. லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனவர்கள் மிஷினை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். வார்ப்பிரும்புக் கால்களோடு அதன் எடையை நாலு மாடி ஏற்ற ஆள் வேண்டும். சிலர் ஏற்றினார்கள். சிலர் தலையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மேசையை விட்டுவிட்டார்கள். பழைய இரும்புக்காரர் எடை போட்டு வாங்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டில் தையல் மிஷின் அரசு உதவித் திட்டத்திலேயே இடம் பெற்றது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மிஷின் வழங்கும் திட்டம் உண்டு. மலேசியாவில் அந்த வார்ப்பிரும்புக் கால்கள் இன்று வேறொரு வேலை பார்க்கின்றன. பழமை அழகு என்று சொல்லி, மேலே பளிங்குக் கல்லோ மரப்பலகையோ பதித்துக் காப்பிக் கடைகளில் மேசையாகப் போடுகிறார்கள். தலையும் இல்லை, தலையை இறக்கும் திறப்பும் இல்லை. மிதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் கால் வைத்து ஆட்டும் பிள்ளைகளால் காப்பி சிந்துவதால், சில கடைகளில் மிதியைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்.